ஒரு முனையில் கத்தி, மறு முனையில் கவிதை!

பேனாக்கத்தி என்று சொல்கிறோமே, அந்தப் பெயரைப் பற்றி என்றைக்காவது யோசித்திருக்கிறீர்களா? அந்தக் கத்தியால் பென்சில் சீவலாம், மாம்பழம் நறுக்கலாம், ஊரிலிருந்து வந்த பார்சலின் கயிற்றை அறுக்கலாம். பேனாவுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? பேனாவை யாராவது சீவுவார்களா?

சீவினார்கள்! இரும்பு நிப் வருவதற்கு முன்னால் ஐரோப்பாவில் வாத்தின் இறகுதான் பேனா. 'பேனா' என்ற சொல்லே போர்ச்சுகீசியரிடமிருந்து நம்மிடம் வந்ததுதான். அவர்கள் பாஷையில் அதற்கு இறகு என்றும் அர்த்தம். கொஞ்ச நேரம் எழுதினால் இறகின் முனை மழுங்கிவிடும். மறுபடி அதைச் சீவி, நடுவில் பிளந்து, கூராக்கிக்கொள்ள வேண்டும். அதற்காக, எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் கைவசம் ஒரு சிறு கத்தி வைத்திருந்தார்கள். சட்டைப் பையைக் கிழிக்காமல் இருப்பதற்காக அந்தக் கத்தி மடங்கிக் கொண்டது. 19-ஆம் நூற்றாண்டில் பர்மிங்காம் நகரத் தொழிற்சாலைகள் எஃகு நிப்புகளைச் செய்து குவித்ததும் இறகுக்கு வேலை போயிற்று. கத்திக்குப் பெயர் மட்டும் மிஞ்சியது.

ஆகவே பேனாக்கத்தி என்பது சண்டைக்காரனின் ஆயுதமாகப் பிறக்கவில்லை. எழுதுகிறவனின் கைக்கருவியாகப் பிறந்தது.

சரி, அவர்களுக்கு இறகு. நமக்கு? நமக்குப் பனை ஓலை! இறகுக்கு ஒரு கத்தி தேவைப்பட்டதுபோல் ஓலைக்கும் ஒரு கத்தி தேவைப்பட்டது. ஆனால் நம் ஊர்க் கொல்லர்கள் ஒரு படி மேலே போனார்கள். எழுதுகோல் ஒரு பக்கம், கத்தி ஒரு பக்கம் என்று இரண்டைச் சுமப்பானேன் என்று நினைத்தார்களோ என்னவோ, ஒரே பிடியின் ஒரு முனையில் எழுத்தாணியையும் மறு முனையில் கத்தியையும் பொருத்தி, இரண்டையும் மடக்கிவிட்டார்கள். மடக்கினால் விரல் நீளத்தில் ஒரு கட்டை; விரித்தால் ஒரு பக்கம் பேனா, ஒரு பக்கம் கத்தி. அதற்கு மடக்கெழுத்தாணி என்று பெயர்.

தமிழ்நாட்டின் பேனாக்கத்தி அதுதான். பெயருக்கு முழுப் பொருத்தமான பேனாக்கத்தியும் அதுதான்.

மூன்று எழுத்தாணிகள்

எழுத்தாணி என்றதும் நமக்கு நினைவு வருவது திருவள்ளுவர் படம். ஓவியர் வேணுகோபால் சர்மா தீட்டிய அந்தப் படம் 1964-ஆம் ஆண்டு சட்டசபையில் திறந்து வைக்கப்பட்டது. இடது கையில் ஓலை, வலது கையில் எழுத்தாணி. பள்ளிக்கூடச் சுவரிலும் பாடப் புத்தகத்திலும் பார்த்துப் பார்த்து, எழுத்தாணி என்றால் ஏதோ ஒரே மாதிரியான ஓர் ஆணி என்று நாம் எண்ணிக் கொண்டுவிட்டோம்.

உண்மையில் அதில் பல தினுசுகள் உண்டு. குண்டெழுத்தாணி என்பது ஒன்று. தலைப் பக்கம் குண்டாக, கனமாக இருக்கும். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் புதிதாக எழுதப் பழகும் பிள்ளைகளுக்கு அது ஏற்றது. அதில் கத்தி கிடையாது.

இரண்டாவது, வாரெழுத்தாணி. ஒரு முனை எழுதுவதற்கு; மறு முனை தட்டையான கத்தி. 'ஓலை வாருதல்' என்றால் ஓலையின் ஓரத்தைச் சீவி ஒழுங்கு செய்வது. வாருவதற்கும் உதவும் எழுத்தாணியாதலால் வாரெழுத்தாணி.

மூன்றாவதுதான் நம் கதாநாயகன், மடக்கெழுத்தாணி. மரத்திலோ, மாட்டுக் கொம்பிலோ, பித்தளையிலோ, வசதியுள்ளவர்களுக்கு யானைத் தந்தத்திலோ பிடி போட்டிருப்பார்கள். பிடியின் நடுவே நீளவாக்கில் பள்ளம். எழுத்தாணியும் கத்தியும் அந்தப் பள்ளத்துக்குள் மடிந்து படுத்துக் கொள்ளும். பிரயாணம் போகிறவர்கள் இடுப்பில் செருகிக் கொண்டு போனாலும் குத்தாது. புலவர்களும், மடத்துத் தம்பிரான்களும், கிராமத்துக் கணக்குப்பிள்ளைகளும் விரும்பி வைத்துக் கொண்ட சாமான் இது. இன்று சிலர் கோட்டுப் பையில் தங்க நிப் பேனாவைச் செருகிக் கொள்வதில் எவ்வளவு பெருமை அடைகிறார்களோ, அவ்வளவு பெருமை அன்று தந்தப் பிடி போட்ட மடக்கெழுத்தாணி வைத்திருந்தவருக்கும் இருந்திருக்கும்.

மூட்டிலே இருக்கிறது சூட்சுமம்

"இதில் என்ன பிரமாதம்? மடக்குக் கத்திதானே?" என்று கேட்கத் தோன்றும். அதைப் புரிந்துகொள்ள ஓலையில் எழுதுவது எப்படி என்று கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

பனை ஓலையை வெட்டி, நடுவிலுள்ள ஈர்க்கை நீக்கி, ஒரே அளவாக நறுக்கி, பதப்படுத்தி, உலர்த்தி எடுப்பார்கள். எல்லா ஏடுகளும் ஒரே நீளம், ஒரே அகலமாக இருந்தால்தான் கட்டாகக் கட்ட முடியும். ஈர்க்கை நீக்குவதும் ஓரத்தைச் சீவுவதும் கத்தி முனையின் வேலை. கத்தி மழுங்கியிருந்தால் ஓலை பிசிறு தட்டும். பிசிறு தட்டிய இடத்தில் ஏடு கிழிய ஆரம்பிக்கும். நானூறு பாட்டு எழுதிய சுவடி என்றால் அதற்குள் எத்தனை ஏடு, ஒவ்வோர் ஏட்டுக்கும் எத்தனை சீவல் என்று நீங்களே கணக்குப் போட்டுக் கொள்ளலாம்.

அடுத்தது எழுதுவது. மேஜை கிடையாது. இடது கையிலே ஓலையைப் பிடித்துக் கொண்டு, இடது கைக் கட்டை விரலின் நகத்தை வளர்த்து, அதில் பிறைச் சந்திரன் போல ஒரு சிறு பள்ளம் செய்து கொள்வார்கள். எழுத்தாணியின் முனை அந்தப் பள்ளத்திலே சாய்ந்து நிற்கும். நாம் காகிதத்தின் மேல் கையை ஓட்டுகிறோம். அவர்களோ எழுத்தாணியைப் பெரும்பாலும் ஓரிடத்தில் வைத்துக் கொண்டு, ஓலையை நகர்த்தினார்கள்! கொஞ்சம் அழுத்தம் கூடினால் ஓலை பொத்துக் கொள்ளும். குறைந்தால் எழுத்து விழாது. ஓலை பொத்துக் கொள்ளுமே என்ற பயத்தால், மெய்யெழுத்தின் தலையில் வைக்க வேண்டிய புள்ளியைக்கூடப் பெரும்பாலும் வைக்காமலே எழுதினார்கள். 'எ', 'ஒ' என்ற குறிலுக்கும் அன்று புள்ளிதான் அடையாளம். புள்ளி போனதால் குறில் எது, நெடில் எது என்று தெரியாமல் படிக்கிறவர்கள் திண்டாடினார்கள். இத்தாலியிலிருந்து வந்து தமிழ்ப் புலவரான வீரமாமுனிவர் (1680–1747) 'ஏ', 'ஓ' என்ற நெடில்களுக்குத் தனி வடிவம் வகுத்தாரே, அந்தத் திருத்தத்துக்குப் பின்னால் நின்று கொண்டிருந்தது இந்தச் சின்ன ஆணிதான்.

இப்போது மடக்கெழுத்தாணியை நினைத்துப் பாருங்கள். அவ்வளவு நுட்பமாக அழுத்தி எழுதும்போது எழுத்தாணி மூட்டில் ஒரு மயிரிழை ஆடினாலும் எழுத்து கோணிவிடும், ஓலை கிழிந்துவிடும். மூட்டில் இருப்பதோ ஒரே ஓர் ஆணி. அதை இருபுறமும் தட்டி முறுக்கியிருப்பார்கள். இறுக்கிவிட்டால் மடக்க முடியாது. தளர்த்திவிட்டால் எழுத முடியாது. மடக்கவும் வேண்டும், ஆடவும் கூடாது! அந்த இறுக்கத்தை அளக்கக் கருவி ஏதும் இல்லை. கொல்லரின் சுத்தியலுக்கும் காதுக்கும் விரலுக்கும் தெரிந்த அளவுதான். காய்கறி நறுக்கும் கத்தி கொஞ்சம் ஆடினால் யாருக்கும் நஷ்டமில்லை. கவிதை எழுதும் கத்தி ஆடக் கூடாதே!

சமையலறையிலிருந்து வந்த மை

இந்தக் கதையில் பெண்களுக்குப் பங்கு இல்லையா என்றால், உண்டு. எழுத்தாணி ஓலையைக் கீறுமே தவிர, அதில் மை கிடையாது. வெறும் கீறலாக இருக்கும் எழுத்து கண்ணுக்குப் புலப்படாது. ஆகவே எழுதி முடித்த ஏட்டின் மேல் விளக்குக் கரியைப் பச்சிலைச் சாற்றில் குழைத்துத் தடவித் துடைப்பார்கள். கீறலில் கரி தங்கி எழுத்துப் பளிச்சென்று தெரியும். பூச்சி வராமலிருக்க மஞ்சளும் வசம்பும் பூசுவது வழக்கம்.

விளக்குக் கரி, மஞ்சள், வசம்பு! குழந்தைக்கு மை இட்டு, வயிற்று வலிக்கு வசம்பு சுட்டு உரைத்துக் கொடுத்த அதே அஞ்சறைப் பெட்டியிலிருந்துதான் தமிழ் இலக்கியத்தைக் காப்பாற்றிய மருந்தும் வந்தது. பிள்ளை வளர்த்த கை ஏட்டையும் வளர்த்தது என்று நாம் தாராளமாகச் சொல்லிக் கொள்ளலாம்.

சுவடிக்குள் ஒளிந்த கத்தி

எழுத்தும் கத்தியும் ஒரே இடத்தில் இருப்பது நம் கதைகளுக்குப் புதிதல்ல. பெரிய புராணத்தில் வரும் மெய்ப்பொருள் நாயனார் கதையை நினைவுபடுத்திக் கொள்ளுங்கள். திருக்கோவலூர் அரசரான அவரைப் போரில் ஜயிக்க முடியாத முத்தநாதன், சிவனடியார் வேஷம் போட்டுக் கொண்டு வருகிறான். கையிலே ஒரு புத்தகக் கட்டு. அபூர்வமான ஆகமம் ஒன்றை அரசருக்கு உபதேசம் செய்ய வந்திருப்பதாகச் சொல்கிறான். கட்டை அவிழ்க்கிறான், உள்ளே கத்தி! குத்துப்பட்டு விழுகிற நிலையிலும், அடியார் வேஷத்துக்கு மரியாதை கொடுத்து, அவனை யாரும் தொடாமல் ஊர் எல்லை வரை கொண்டுபோய் விடும்படி காவலன் தத்தனுக்குக் கட்டளையிடுகிறார் அரசர். மயிலாப்பூரில் பங்குனி உத்ஸவத்தின் எட்டாம் நாள் அறுபத்துமூவர் வீதியுலா வரும்போது மாட வீதியில் நாம் கும்பிடுகிற அறுபத்துமூவரில் அவரும் ஒருவர்.

இன்னொரு கதை சிரிப்புக் கதை. மணிமேகலை ஆசிரியர் சீத்தலைச் சாத்தனார், யாராவது பிழையான செய்யுளைக் கொண்டுவந்து காட்டினால் அவர்களைத் திட்டமாட்டாராம். எழுத்தாணியால் தம் தலையிலேயே குத்திக் கொள்வாராம். அந்தப் புண்ணில் சீழ் வைத்ததால் சீத்தலை ஆனார் என்று கர்ண பரம்பரையாகச் சொல்வார்கள். சீத்தலை என்பது ஊர்ப் பெயர் என்றே அறிஞர்கள் கருதுகிறார்கள். ஆனாலும் எழுத்தாணி எவ்வளவு கூர்மையாக இருந்தது என்பதற்கு அந்தக் கதை நல்ல சாட்சி!

ஏடு பிழைத்தது, ஆணி போயிற்று

கடைசித் தலைமுறையாக எழுத்தாணியால் முறையாக எழுதிப் பழகி, அந்த உலகம் மறைவதையும் கண்ணால் கண்டவர் டாக்டர் உ. வே. சாமிநாதையர் (1855–1942). மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை பாட்டைச் சொல்லிக் கொண்டே போக, மாணவரான சாமிநாதையர் ஓலையில் எழுதிக் கொண்டே போவாராம். பிற்பாடு அதே கை, ஊர் ஊராகச் சென்று ஏடு தேடியது. 1887-இல் சீவக சிந்தாமணி அச்சாயிற்று, 1892-இல் சிலப்பதிகாரம், 1894-இல் புறநானூறு, 1898-இல் மணிமேகலை.

அந்தத் தேடலில் அவர் பட்ட பாடு நமக்குத் தெரியும். கரிவலம்வந்தநல்லூர்க் கோவிலில் பழைய ஏடுகளைக் கேட்டபோது, அவற்றை நெய்யில் தோய்த்து ஹோமத்தில் போட்டுவிட்டதாகப் பதில் வந்தது. கெட்ட எண்ணத்தினால் அல்ல. சாஸ்திரப்படி செய்வதாக நினைத்துச் செய்தார்கள். வேறு இடங்களில் செல்லரித்த ஏடுகளை ஆற்றிலே விட்டார்கள். நல்ல மனிதர்கள், அருமை தெரியாமல், பக்தியோடு அழித்த பொக்கிஷம் அது.

ஏடுகளில் மிஞ்சியவை இன்று பத்திரமாக இருக்கின்றன. சென்னைவாசிகள் அவற்றைத் தேடித் தூர தேசம் போக வேண்டியதில்லை. கர்னல் ஆல்காட் 1886-இல் ஆரம்பித்த அடையாறு நூலகத்தில் ஏராளமான ஓலைச் சுவடிகள் உள்ளன. சாமிநாதையர் பெயரால் ருக்மிணி தேவி 1943-இல் தொடங்கிய நூல் நிலையம் பெசன்ட் நகரில் இருக்கிறது. ஐயர் சேகரித்த ஏடுகள் அங்கே வாழ்கின்றன. (திருவல்லிக்கேணியில் அவர் வாழ்ந்த 'தியாகராச விலாசம்' என்ற வீட்டை மட்டும் நாம் 2012-இல் இடித்துவிட்டோம்.)

ஆனால் அந்த ஏடுகளை எழுதிய கருவிகள்? ஏட்டின் பெருமை நமக்குத் தெரிந்தது. எழுத்தாணியின் பெருமை தெரியவில்லை. புத்தகம் அச்சாகிவிட்டது, காகிதம் வந்துவிட்டது, இனி இந்த ஆணி எதற்கு என்று விட்டுவிட்டோம். சுவடியை யாரும் எடைக்குப் போடவில்லை. எழுத்தாணியை எடைக்குப் போட்டார்கள்.

"நெல்லிக்காய்க் குத்தி"

மயிலாப்பூரில் மாட வீதிக்கு அருகே ஒரு பழைய வீடு. எண்பது வயதைத் தாண்டிய பாட்டி ஒருவர், மருமகளோடும் பேத்தியோடும் இருக்கிறார். வேறு ஏதோ விஷயமாக அங்கே போயிருந்தபோது, கூடத்தில் ஒரு சாக்கு மூட்டை கிடந்தது. பழைய பித்தளைக்காரருக்காக மருமகள் ஒதுக்கி வைத்தது. மூட்டைக்கு மேலே, கறுத்துப் போன பித்தளைக் கட்டை ஒன்று துருத்திக் கொண்டிருந்தது.

"இது என்ன பாட்டி?" என்று கேட்டேன்.

"அதுவா? அது நெல்லிக்காய்க் குத்தி" என்றார் பாட்டி சாவகாசமாக.

எடுத்து விரித்துப் பார்த்தால், ஒரு முனையில் எழுத்தாணி! மறு முனையில், தேய்ந்து தேய்ந்து மெலிந்த ஒரு கத்தி!

"எங்க தாத்தாவோட அப்பா கும்பகோணத்துப் பக்கம் கணக்குப்பிள்ளையா இருந்தவர். அவரோட சாமானாம். எங்க அம்மா கல்யாணமாகி வந்தபோது பாத்திரத்தோட பாத்திரமா வந்துடுத்து. ஊசி மாதிரி இருக்கில்லையா, தேன் நெல்லிக்காய் போடறதுக்கு இதாலேதான் குத்துவோம். கத்திப் பக்கத்தாலே வெற்றிலைக் காம்பு கிள்ளுவேன். இப்போதான் யார் தேன் நெல்லி போடறா? கடையிலே வாங்கிடறாளே!"

"இதாலே எழுதுவாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா, பாட்டி?"

பாட்டி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எங்க பாட்டிக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. கைநாட்டுதான். எழுதறதுக்குன்னு செஞ்ச சாமானை வெச்சுண்டு அவ நெல்லிக்காய் குத்தினா. நான் எஸ்.எஸ்.எல்.சி. படிச்சேன். நானும் அதையேதான் பண்ணினேன்!" என்று சொல்லிச் சிரித்தார்.

சிரித்தாரே ஒழிய, கட்டையை என் கையிலிருந்து வாங்கி, புடவைத் தலைப்பால் துடைத்து, மடக்கி, மடியில் வைத்துக் கொண்டார். "அம்மா, அது மூட்டைக்குப் போகலியா?" என்று உள்ளேயிருந்து மருமகள் கேட்டதற்கு, "போகலை" என்று ஒரே வார்த்தையில் பதில் சொன்னார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பேத்தி, "பாட்டி, நான் ஒரு தரம் எழுதிப் பார்க்கட்டுமா?" என்று கை நீட்டினாள்.

கிராமக் கர்ணம் என்ற உத்தியோகமே தமிழ்நாட்டில் 1980-ஆம் ஆண்டில் ஒழிந்துவிட்டது. அந்தக் கணக்குப்பிள்ளை எழுதிய ஓலைகள் எங்கே போயினவோ! அவர் கையில் பிடித்த ஆணி மட்டும், எவர்சில்வர்க் காலத்தையும் பிளாஸ்டிக் காலத்தையும் தாண்டி, அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் பிழைத்துக் கிடந்திருக்கிறது.

மற்றவர்கள் என்ன செய்தார்கள்?

பிரான்சு தேசத்தின் தெற்கே லாகியோல் என்று எழுதி 'லயோல்' என்று உச்சரிக்கிற ஒரு சின்ன ஊர் இருக்கிறது. மாடு மேய்க்கிறவர்கள் ஊர். 1829-ஆம் ஆண்டுவாக்கில் அந்த ஊர்க் கொல்லர்கள் ஒரு மடக்குக் கத்தி செய்ய ஆரம்பித்தார்கள். மாட்டுக் கொம்பில் பிடி. முதுகில் வண்டு போல ஒரு சின்னச் சித்திரம். பிடியில் சிலுவை வடிவமாகப் பொடி ஆணிகள். மலையில் தனியே இருக்கும் மேய்ப்பன் கத்தியை நிறுத்தி வைத்து அந்தச் சிலுவையைப் பார்த்துப் பிரார்த்தனை செய்வானாம். காலப்போக்கில் தொழில் வேறு ஊருக்குப் போய்விட்டது. சொந்த ஊரில் பட்டறை நின்றுவிட்டது. ஆனால் ஊர்க்காரர்கள் விடவில்லை. 1987-இல் மறுபடி அங்கேயே பட்டறை தொடங்கினார்கள். இன்று ஒரே தொழிலாளி ஆரம்பம் முதல் கடைசி வரை தம் கையாலேயே செய்து முடிக்கும் கத்திகளுக்கு அங்கே மதிப்பு அதிகம். மேய்ப்பன் ரொட்டி நறுக்கிய கத்தி இப்போது பணக்காரர்கள் பரிசு கொடுக்கும் பொருளாகிவிட்டது.

ஜப்பானில் ஹிகோ நோ காமி என்று ஒரு மடக்குக் கத்தி. 1890-களில் மிக்கி என்ற ஊரில் பிறந்தது. பளபளப்பு ஒன்றும் கிடையாது. மடித்த தகடுதான் பிடி. பள்ளிக்கூடப் பிள்ளைகள் பென்சில் சீவ வைத்துக் கொண்டது. ஷார்ப்பனர் வந்தது, பிள்ளைகள் கையில் கத்தி எதற்கு என்ற கூச்சலும் வந்தது, பட்டறைகள் மூடப்பட்டன. ஒரே ஒரு குடும்பம் மட்டும் விடாப்பிடியாகச் செய்து கொண்டிருக்கிறது. இன்று உலகத்தின் மூலை முடுக்கிலிருந்தெல்லாம் அதைக் கேட்டு வாங்குகிறார்கள்.

நம் தேசத்திலேயே உத்தரப் பிரதேசத்து ராம்பூர் கத்தி இருக்கிறது. ஹிந்தி சினிமாவில் வில்லன் 'டக்' என்று விரிப்பானே, அதுதான். அதற்குக் கிடைத்த கெட்ட பெயர் கொஞ்சமல்ல. நீளமான கத்திகளுக்குச் சர்க்கார் தடை போட்டதில் தொழிலும் நசிந்தது. அப்படியும் அந்த ஊரார் 2023-ஆம் ஆண்டு நாற்சந்தியில் சுமார் 20 அடி உயரத்துக்கு ஒரு கத்தியை நிறுத்தி வைத்து, "இது எங்கள் கைத்தொழில்" என்று காட்டுகிறார்கள்.

மேய்ப்பன் கத்திக்கு மரியாதை. பென்சில் கத்திக்கு மரியாதை. வில்லன் கத்திக்குக்கூட மரியாதை. பாட்டு எழுதிய கத்திக்கு மட்டும் ஒன்றுமில்லை!

அக்கம் பக்கத்தைப் பார்த்தாலும் அப்படித்தான். ஒரிஸ்ஸாவில் ரகுராஜ்பூர் சித்திரக்காரர்கள் இரும்பு எழுத்தாணியால் பனை ஓலையில் படம் கீறி இன்றும் பிழைக்கிறார்கள். பாலித் தீவில் ஓலையில் எழுதும் சிறு கத்தியை இன்றும் செய்கிறார்கள். நம் பூம்புகார் விற்பனை நிலையத்துக்குள் நுழைந்தால் சுவாமிமலை விக்கிரகம் உண்டு, தஞ்சாவூர்த் தட்டு உண்டு, நாச்சியார்கோவில் குத்துவிளக்கு உண்டு. புவிசார் குறியீடு என்ற அரசாங்க முத்திரையும் அவற்றுக்குக் கிடைத்திருக்கிறது. அவற்றின் பக்கத்தில் கொம்புப் பிடி போட்ட மடக்கெழுத்தாணி ஒன்று இருந்தால் எவ்வளவு பொருத்தமாக இருக்கும்! பட்டம் வாங்கிய பிள்ளைக்கும், புத்தகம் எழுதிய நண்பருக்கும், தமிழாசிரியருக்கும் கொடுக்க அதைவிட நல்ல பரிசு ஏது? விளக்கு வார்க்கத் தெரிந்த கை இன்னும் இருக்கிறது. அரிவாள் அடிக்கத் தெரிந்த கொல்லர்களும் இருக்கிறார்கள். மாதிரிக்கு ஒரு பழைய ஆணியும், கேட்டு வாங்க நாலு பேரும்தான் வேண்டும்.

உங்கள் வீட்டில் இருக்கிறதா?

மாதிரி எங்கே கிடைக்கும் என்றால், உங்கள் வீட்டிலேயே இருக்கலாம். தாத்தாவின் மரப் பெட்டி, பூஜை அலமாரியின் அடித்தட்டு, பாக்குவெட்டியும் சுண்ணாம்பு டப்பியும் கிடக்கிற வெற்றிலைச் செல்லம், பரணிலுள்ள பித்தளைச் சாமான் மூட்டை ஆகியவற்றில் ஒரு தரம் கை விட்டுப் பாருங்கள். விரல் நீளக் கட்டை, நடுவில் பள்ளம், இரு முனையிலும் மூட்டாணி தென்பட்டால் அவசரப்பட்டுத் திறக்காதீர்கள். தையல் மெஷினுக்குப் போடுகிற எண்ணெயில் ஒரே சொட்டு மூட்டில் விட்டு, ஒரு நாள் பொறுத்து மெதுவாக விரியுங்கள். புளி போட்டுப் பளபளவென்று தேய்க்க வேண்டாம். அந்தக் கறுப்புத்தான் அதன் வயசு. ஈரமில்லாத துணியில் சுற்றி வையுங்கள். எந்த ஊர், யாருடையது, அவர் என்ன உத்தியோகம் பார்த்தார் என்று ஒரு சீட்டில் எழுதிக் கூடவே வையுங்கள். சீட்டு இல்லாவிட்டால் அடுத்த தலைமுறைக்கு அது வெறும் பித்தளை.

பிடி தந்தமாக இருந்தால் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் பிற்பாடு வந்த திருத்தங்களும் தந்தத்தை விற்கவோ வாங்கவோ இடம் கொடுப்பதில்லை. நூறு வருஷத்துக்கு மேற்பட்ட கைவினைப் பொருள்களைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது என்று அதே 1972-ஆம் ஆண்டு வந்த இன்னொரு சட்டம் சொல்கிறது. ஆகையால் "நல்ல விலை கிடைக்கும், கொடுங்கள்" என்று யாராவது வந்தால் ஏமாந்துவிடாதீர்கள். வைத்துக்கொள்ள இடமில்லை என்றால் அருங்காட்சியகத்தையோ சுவடி நூலகத்தையோ கேட்டுப் பாருங்கள்.

வைத்துக்கொள்ளப் போகிறவர்களுக்கு வருஷத்தில் ஒரு நாள் ஒரு சின்னச் சங்கடம் வரும். சரஸ்வதி பூஜையன்று புத்தகங்களை ஒரு பக்கம் அடுக்கி, அரிவாள்மனையையும் கத்திரிக்கோலையும் இன்னொரு பக்கம் வைத்துப் பொட்டு இடுகிறோமே, மடக்கெழுத்தாணியை எந்தப் பக்கம் வைப்பது? ஒரு முனைக்குப் புத்தகத்தோடு உறவு. மறு முனைக்கு ஆயுதத்தோடு உறவு. எந்தப் பக்கம் வைத்தாலும் சரஸ்வதி கோபித்துக் கொள்ளமாட்டாள். பழைய பித்தளைக்காரர் மூட்டையில் மட்டும் வைத்துவிடாதீர்கள்!